செல் சவ்வுக் கடத்தல்

நீர், அயனிகள், வாயுக்கள், சர்க்கரை போன்ற பொருள்கள் செல் சவ்வைக் கடந்து உள்ளே வருவதும் வெளியேறுவதும் செல் சவ்வுக் கடத்தல் எனப்படும். சவ்வு எல்லாப் பொருள்களையும் ஒரே அளவில் அனுமதிப்பதில்லை. செல்லுக்குள் பொட்டாசியமும் வெளியே சோடியமும் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமைப்பு

சவ்வின் தடிமன் சுமார் 7 முதல் 8 நானோமீட்டர். பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள் இரண்டு அடுக்குகளாக அமைந்து, நீரை விலக்கும் வால்களை உட்புறமாக வைத்திருக்கும். இவ்வடுக்குகளில் புரதங்கள் பதிந்து நகர்வதை 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த பாய்ம மொசைக் மாதிரி விளக்குகிறது.

ஆற்றல்சாராக் கடத்தல்

செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நடைபெறும் இதற்குச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவாவதில்லை. ஆக்சிஜனும் கார்பன் டைஆக்சைடும் லிப்பிடு அடுக்கையே ஊடுருவும். அயனிகளுக்குக் கால்வாய்ப் புரதங்களும், குளுக்கோசுக்குக் கடத்திப் புரதங்களும் வேண்டும். நீர் பெரும்பாலும் அக்வாபோரின்கள் என்னும் கால்வாய்ப் புரதங்கள் வழியே விரைந்து செல்கிறது. இவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஏக்ரி 2003-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 0.9% உப்புக் கரைசலில் சிவப்பணு தன் வடிவம் மாறாதிருக்கும். காய்ச்சி வடித்த நீரில் இட்டால், சவ்வூடு பரவலால் நீர் புகுந்து உப்பி வெடிக்கும்.

ஆற்றல்சார் கடத்தல்

செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குப் பொருளைத் தள்ள ஆற்றல் தேவை. ஒரு ஏடிபி மூலக்கூறு சிதையும்போது சோடியம்–பொட்டாசியம் பம்ப் 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. நண்டின் நரம்புகளை ஆராய்ந்து இந்தப் பம்ப்பாகச் செயல்படும் நொதியை 1957-இல் அறிவித்த யென்ஸ் ஸ்கோ, 1997-இல் நோபல் பரிசு பெற்றார். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சவ்வு உட்குழிந்து பையாக மூடி உள்ளிழுப்பதும் ஆற்றல் செலவாகும் செயலே.

இணைக்கடத்தலும் மருத்துவப் பயனும்

பம்ப் வெளியேற்றிய சோடியம், செறிவு வேறுபாட்டால் மீண்டும் செல்லுக்குள் பாயும். சிறுகுடல் செல்களில் எஸ்ஜிஎல்டி1 என்னும் புரதம் இந்தப் பாய்ச்சலைப் பயன்படுத்தி, 2 சோடியம் அயனிகளோடு 1 குளுக்கோஸ் மூலக்கூறை உள்ளே சேர்க்கிறது. இவற்றைத் தொடர்ந்து நீரும் உறிஞ்சப்படும். காலரா நச்சு குடலிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேறச் செய்தாலும் இப்புரதத்தை முடக்குவதில்லை. வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் ஓஆர்எஸ் கரைசல் பயன்தருவது இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் தற்போதைய கலவையில் 1 லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் சோடியம் குளோரைடும் சேர்க்கப்படுகின்றன. அதில் சோடியமும் குளுக்கோசும் லிட்டருக்கு 75 மில்லிமோல் எனச் சம அளவில் இருக்கும். குளுக்கோஸ் அளவு மிகுந்தால் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டுப் போக்கு அதிகரிக்கும் என்பதால், கலவையைக் குறிப்பிட்ட அளவு நீரிலேயே கலக்க வேண்டும்.