பால் புட்டியும் சுரப்பிநீரும்

குழந்தைக்குப் பால் புகட்டும் புட்டி முன்பு கண்ணாடியால் ஆனது. கை தவறினால் உடைந்துவிடும். பிறகு, கண்ணாடிபோல் தெளிவாகவும் விழுந்தால் உடையாததாகவும் பிளாஸ்டிக் புட்டி வந்தது. தாய்மார்கள் விரும்பி வாங்கினார்கள். அந்தப் பிளாஸ்டிக்கின் வரலாற்றை இன்று நாம் காண்போம்.

அதன் மூலப்பொருளின் பெயர் பிஸ்பீனால் ஏ. ரஷ்ய இரசாயன அறிஞர் அலெக்சாண்டர் டியானின் 1891ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார். 1930களில் இலண்டனில் எட்வர்ட் சார்ல்ஸ் டாட்ஸ் என்னும் அறிஞர், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மைச் சுரப்பிநீரைப் போல் வேலை செய்யும் செயற்கைப் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். சூலகம் நீக்கப்பட்ட எலிகளுக்குப் பிஸ்பீனாலைக் கொடுத்துப் பார்த்தார். அது ஈஸ்ட்ரோஜனைப் போலவே செயல்பட்டது. இச்செய்தி 1936இல் அச்சேறியது. ஆனால் அதன் வீரியம் குறைவு. 1938இல் அவர் குழுவினர் ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் மிக வீரியமுள்ள பொருளைக் கண்டனர், அதுவே மருந்தாயிற்று.

கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி அம்மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1971இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் அதன் விளைவை வெளியிட்டனர். அம்மருந்தை உண்ட தாய்மார் சிலரின் பெண்மக்களுக்கு, இளவயதிலேயே அரியதொரு புற்றுநோய் வந்திருந்தது. கருவில் நேர்ந்த தீங்கு, பிள்ளை பருவமடைந்த பிறகே வெளிப்பட்டது.

இதற்கிடையே, மருந்தாகாத பிஸ்பீனாலுக்கு வேறு வேலை கிடைத்தது. 1953இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல் அதனை மணிகள்போல் கோத்துப் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கைச் செய்தார். அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் என்பவரும் அதே காலத்தில் தனியே செய்தார். புட்டிகள் அதிலிருந்தே பிறந்தன.

கோத்த மணிகள் கழலாதிருந்தால் கவலையில்லை. ஆனால் வெப்பமும் காரமும் படப்பட, சில கழன்று நீரில் கலக்கின்றன. 1993இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சூடேற்றிய பாலிகார்பனேட் குடுவைகளிலிருந்து பிஸ்பீனால் வெளிவருவதைக் கண்டனர். 1998இல் பட்ரீஷியா ஹன்ட் என்ற ஆய்வாளரின் கூடத்தில், சுண்டெலிக் கூண்டுகளும் நீர்ப்புட்டிகளும் தவறுதலாகக் கடுங்காரச் சோப்பால் கழுவப்பட்டன. அவற்றிலிருந்த பெண் எலிகளின் சூல்முட்டைகளில் திடீரெனக் குறைகள் பெருகின.

சுரப்பிநீர் மிகச் சிறிய அளவிலேயே உடலுக்குக் கட்டளையிடுவது. கருவிலும், மழலையிலும், பூப்பெய்தும் பருவத்திலும் உடல் அக்கட்டளையைக் கேட்டே வளர்கிறது. ஆகவேதான் கனடா 2010இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும், நமது மலேசியா 2012 மார்ச்சிலும் பால் புட்டிகளில் பிஸ்பீனால் ஏயைத் தடைசெய்தன. உணவு படும் பிற பொருள்களிலும் அதனைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் முடிவு செய்தது.

1936இல் அறிந்த உண்மை சட்டமாக எழுபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. மருந்தாகக் கொடுத்தால் அளவு பார்க்கிறோம். பாத்திரமாக வந்தால் யாரும் அளவு கேட்கவில்லை. இன்று மாற்றாக வந்துள்ள பிஸ்பீனால் எஸ்ஸும் ஆய்வுகளில் ஈஸ்ட்ரோஜனின் சாயலைக் காட்டியிருக்கிறது. ஆதலால் புட்டியின்மேல் ஒட்டிய சீட்டை மட்டும் நம்பாமல், சூடான பாலுக்கும் குழம்புக்கும் கண்ணாடியையோ எவர்சில்வரையோ எடுப்போம். பருவம் எய்தும் நம் பிள்ளைகளுக்கும் அதன் காரணத்தைச் சொல்லிக் கொடுப்போம்.