ஒரே பருவத்தில் இரு பெரும் விருதுகள்: பேஸ்பால் வீரர் ஃபெர்னாண்டோ வலென்சுவேலா

அமெரிக்கப் பேஸ்பால் வரலாற்றில் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதையும், சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதையும் ஒரே பருவத்தில் வென்றவர் ஒருவர்தான். மெக்சிகோவின் சிற்றூர் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஃபெர்னாண்டோ வலென்சுவேலா அவர். 1981இல் அந்தப் பருவம் தொடங்கியபோது அவருக்கு வயது 20. ஆங்கிலம் பேசத் தெரியாது. ஆனாலும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் பந்து வீசும் நாள்களில் அரங்கம் நிரம்பி வழிந்தது.

பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு இந்த விளையாட்டின் அடிப்படை புரியும். பேஸ்பால் குழுவில் மிகப் பெரிய பொறுப்பு 'பிட்சர்' எனப்படும் பந்து வீச்சாளருக்கே. ஓர் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ் உண்டு. ஒருவரே ஒன்பதையும் வீசி முடிப்பது பெரிய செயல். எதிரணிக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் முடிப்பது அதனினும் அரிது.

மண் வீட்டிலிருந்து

வலென்சுவேலா 1960ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் உள்ள எச்சோவாகிலா என்ற ஊரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. சிறு நிலத்தில் பயிர் செய்து பிழைத்த குடும்பம்; மண்கல்லால் கட்டிய வீடு. அண்ணன்மார்களுடன் ஆடித்தான் விளையாட்டைக் கற்றார். பதின்ம வயதிலேயே மெக்சிகோவின் தொழில்முறைக் குழு ஒன்றில் சேர்ந்தார்.

லாஸ் ஏஞ்சலிஸ் டோட்ஜர்ஸ் குழுவுக்கு ஆள் தேடி வந்த மைக் பிரிட்டோ உண்மையில் வேறோர் ஆட்டக்காரரைப் பார்க்கத்தான் வந்திருந்தார். இடக்கையால் வீசிய இந்த இளைஞரே அவர் கண்ணில் பட்டார். 1979 ஜூலையில் டோட்ஜர்ஸ் 120,000 டாலர் கொடுத்து அவரது ஒப்பந்தத்தை வாங்கியது.

சக வீச்சாளர் பாபி காஸ்டியோவிடம் அவர் 'ஸ்குரூபால்' என்ற வீச்சைக் கற்றுக்கொண்டார். மணிக்கட்டை வழக்கத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி விடும் வீச்சு இது. இடக்கைக்காரர் வீசும் வளைபந்து வலக்கை மட்டையாளரை நோக்கி உள்ளே வரும். ஸ்குரூபால் அவரை விட்டு வெளியே விலகிப் போகும். அடிக்கத் தயாராகும் நேரத்தில் பந்து அங்கே இருக்காது. வீசும் முன் கண்களை வானத்தை நோக்கி உயர்த்தும் வழக்கமும் அவருக்கு இருந்தது. அதுவே பிறகு அவரது அடையாளமாயிற்று.

எட்டு ஆட்டம், எட்டு வெற்றி

1981 ஏப்ரல் 9ஆம் தேதி, பருவத்தின் முதல் ஆட்டம். வீசவேண்டிய ஜெர்ரி ராய்ஸ் காயமடைந்ததால் வாய்ப்பு புதுமுகத்துக்குப் போனது. ஹியூஸ்டன் குழுவுக்கு ஓர் ஓட்டமும் கொடுக்காமல் 2-0 என வென்றார் வலென்சுவேலா.

தொடர்ந்து தமது முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. அவற்றில் ஏழை அவரே முழுமையாக வீசி முடித்தார். ஐந்தில் எதிரணிக்கு ஓட்டமே இல்லை. மொத்தம் 72 இன்னிங்ஸில் அவர் விட்டுக்கொடுத்தது நான்கே ஓட்டங்கள்.

ஜூன் மாதம் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் போட்டிகள் நின்றன. ஆகஸ்ட்டில் மீண்டும் தொடங்கிய பருவத்தை அவர் 13 வெற்றி, 7 தோல்வி, 180 'ஸ்டிரைக்அவுட்' என்ற கணக்குடன் முடித்தார். உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸிடம் முதல் இரண்டு ஆட்டங்களிலும் டோட்ஜர்ஸ் தோற்றது. மூன்றாம் ஆட்டத்தில் வலென்சுவேலா தடுமாறினாலும் தளரவில்லை. ஒன்பது இன்னிங்ஸும் நின்று வீசி 5-4 என வெற்றி தேடித் தந்தார். அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று டோட்ஜர்ஸ் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

அரங்கத்தின் பழைய காயம்

அவருக்குக் கிடைத்த வரவேற்பை எண்களால் மட்டும் விளக்க முடியாது. டோட்ஜர்ஸ் அரங்கம் அமைந்த சாவேஸ் ரவீன் பகுதியில் முன்பு மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்தன. 1950களின் தொடக்கத்தில், அரசாங்க வீடமைப்புத் திட்டம் வருகிறது என்று சொல்லி அவர்களை வெளியேற்றினார்கள். வீடுகள் வரவில்லை, திட்டம் கைவிடப்பட்டு நிலம் அரங்கத்துக்குப் போனது. கடைசிக் குடும்பங்கள் 1959இல் வலுக்கட்டாயமாக அகற்றப்பட்டன. 1962இல் திறக்கப்பட்ட அந்த அரங்கத்தில் கால் வைக்கமாட்டோம் என்று இருந்தவர்கள் பலர்.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 1981இல் அங்கே வரத் தொடங்கினார்கள். தங்களைப் போன்ற முகம், தங்கள் மொழி. செய்தியாளர் கூட்டங்களில் அவர் பேசிய ஸ்பானிய மொழியை வானொலி வர்ணனையாளர் ஹைமே ஹாரின் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இந்த அலைக்கு 'ஃபெர்னாண்டோமேனியா' என்று பெயர் வந்தது. பழைய இழப்பை அது ஈடுசெய்யவில்லை. ஆனால் அரங்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதை மாற்றியது.

உழைப்பும் அதன் விலையும்

தமது உழைப்பின் மதிப்பை அவர் அறிந்திருந்தார். 1982இல் கூடுதல் சம்பளம் கேட்டு, பயிற்சி முகாமுக்கு வராமல் இருந்தார். மறு ஆண்டு, நடுவர் தீர்ப்பின் வழி பத்து லட்சம் டாலர் சம்பளம் பெற்ற முதல் ஆட்டக்காரர் ஆனார்.

1981 முதல் 1986 வரை ஆறு ஆண்டுகளும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். 1986இல் நடந்த அந்த ஆட்டத்தில் அடுத்தடுத்து ஐந்து மட்டையாளர்களை வெளியேற்றி, 1934இல் கார்ல் ஹப்பல் படைத்த சாதனையைச் சமன் செய்தார். அதே ஆண்டு 21 வெற்றிகள். 20 ஆட்டங்களை முழுமையாக வீசினார்.

1982 முதல் 1987 வரை ஒவ்வோர் ஆண்டும் 250 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர் அவர். 1988இல் தோள்பட்டை காயம் கண்டது. அவ்வாண்டு டோட்ஜர்ஸ் மீண்டும் உலகத் தொடரை வென்றபோது அவரால் களமிறங்க முடியவில்லை.

1990 ஜூன் 29ஆம் தேதி, செயின்ட் லூயிஸ் குழுவுக்கு எதிராக ஒரு 'ஹிட்'கூட விடாமல் ஆட்டத்தை முடித்துத் தம் திறமையை மீண்டும் காட்டினார். ஒன்பது மாதங்களுக்குள், 1991 மார்ச்சில், டோட்ஜர்ஸ் அவரை விடுவித்தது. அதன் பிறகு பல குழுக்களுக்கு ஆடினார். 1996 ஆகஸ்ட் 16ஆம் தேதி மெக்சிகோவின் மோன்டெரே நகரில், அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே முதன்முறையாக மேஜர் லீக் வழக்கப் பருவ ஆட்டம் நடந்தது. சான் டியேகோ குழுவுக்காக அதில் வீசி, சொந்த நாட்டு ரசிகர்கள் முன் வென்றார். 1997இல் அவரது மேஜர் லீக் பயணம் முடிந்தது: 173 வெற்றி, 153 தோல்வி, 2,074 ஸ்டிரைக்அவுட்.

எண் 34

பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கான வாக்கெடுப்பில் 2003, 2004 ஆண்டுகளில் அவருக்குப் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. மண்டபத்தில் இடம்பெற்றவர்களின் எண்ணுக்கே டோட்ஜர்ஸ் ஓய்வு கொடுப்பது வழக்கம். ஆனால் அவர் விலகிய பிறகு 34ஆம் எண் சட்டை வேறு யாருக்கும் வழங்கப்படவில்லை. அவரோ 2003 முதல் அதே குழுவின் ஸ்பானிய வர்ணனையாளராகப் பணியாற்றினார். மெக்சிகோ லீக் 2019இல் அந்த எண்ணுக்கு ஓய்வு அளித்தது. டோட்ஜர்ஸ் 2023 ஆகஸ்ட் 11ஆம் தேதி, வழக்கத்தைத் தளர்த்தி அவ்வாறே செய்தது.

2024 அக்டோபர் 22ஆம் தேதி, தமது 63ஆம் வயதில் அவர் காலமானார். மூன்று நாள் கழித்து டோட்ஜர்ஸ் – யாங்கீஸ் உலகத் தொடர் தொடங்கியது. 1981இல் மோதிய அதே இரு குழுக்கள். இம்முறையும் டோட்ஜர்ஸ் வென்றது. லாஸ் ஏஞ்சலிஸ் வீதிகளில் வெற்றி ஊர்வலம் நடந்த நாள் நவம்பர் 1. வலென்சுவேலாவின் 64ஆவது பிறந்தநாள் அது.