நெஞ்சில் ஒரு வெண்ணிழல்

குழந்தைக்குக் காய்ச்சல், இருமல். எக்ஸ்-கதிர்ப் படத்தில் இதயத்தின் மேற்புறத்தை ஒட்டி ஒரு வெண்ணிழல். நிமோனியாதான் என்று முடிவு கட்டிவிடலாமா? பொறுங்கள், அந்த நிழலுக்கு ஒரு வரலாறு உண்டு.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் இக்கதிர்களைக் கண்டார். காற்று நிறைந்த நுரையீரலை இவை எளிதில் ஊடுருவும், பிலிம் கறுக்கும். காற்றறைகளில் சீழும் நீரும் தேங்கினால் கதிர்கள் உட்கவரப்படும். அவ்விடம் வெளுத்துத் தெரியும். ஆனால், நலமான தசையும் சுரப்பியும்கூட வெளுப்பாகத்தானே தெரியும்?

கைக்குழந்தையின் இதயத்துக்கு மேலே முன்புறமாக உள்ள தைமஸ் சுரப்பி இயல்பாகவே பெரியது. வயது ஏற ஏறச் சுருங்கும். முன்னாளில் மருத்துவர்கள் பெரும்பாலும் நெடுநாள் நோயில் வாடி இறந்த குழந்தைகளின் உடல்களையே அறுத்துப் பார்த்தனர். அவற்றில் சுரப்பி சிறுத்திருந்தது. அதுவே இயல்பு என்று கொண்டனர். திடீரென இறந்த குழந்தைகளின் நல்ல சுரப்பி, மூச்சை நெரித்த 'வீக்கம்' ஆயிற்று!

1907-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஃப்ரீட்லாண்டர் எக்ஸ்-கதிர்களைக் கொண்டே அதைச் சுருக்கினார். வழக்கம் பரவியது, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். தைராய்டுப் புற்றுநோய் கண்ட சிறுவர்களில் சிலர் இச்சிகிச்சை பெற்றவர்கள் என்று 1950-இல் டஃபியும் ஃபிட்ஸ்ஜெரால்டும் எச்சரித்தனர். அந்தச் சுரப்பி நோயெதிர்ப்புக்கு இன்றியமையாதது என்பதை 1961-இல் ஜாக் மில்லர் காட்டினார்.

இன்றைய நெஞ்சுப் படத்துக்குத் தேவையான கதிரளவு மிகச் சிறிது, அஞ்ச வேண்டாம். ஆனால் படம் நிழலை மட்டுமே தரும். குழந்தையின் மூச்சு வேகத்தையும் காய்ச்சலையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் அதற்குப் பொருள் சொல்கிறார்.