தேய்மானம்

என்னிடம் இரண்டு ரூபாய்கள் இருக்கின்றன. இரண்டிலும் விக்டோரியா ராணியின் தலை, 1862 என்ற வருஷம். ஒன்று காரைக்குடி வீட்டுப் பெட்டகத்தில் எண்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது. ஈயம் போலக் கறுத்திருக்கிறது. மற்றது அப்பச்சியைப் பெற்ற ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்து சாகும்வரை மடியில் வைத்திருந்தது. அது பளபளவென்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் பளபளப்பதைத்தான் கையில் எடுக்கிறார்கள், நல்ல நாணயம் என்று. பத்தர் கடை எலெக்ட்ரானிக் தராசில் கறுப்பு ரூபாய் 11.61 கிராம் நின்றது. பளபளப்பு 11.27.

1835ஆம் வருஷத்துச் சட்டப்படி ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. அப்படியானால் ஐயாவின் ரூபாயில் சுமார் மூன்று குந்துமணி எடை காணாமல் போயிருக்கிறது. கறுப்பது நஷ்டம் இல்லை. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியின் மேல் ஏறுவதுதான் கறுப்பு. துடைக்காத வரையில் உலோகம் உள்ளேயே இருக்கிறது. மடியில் கிடக்கும் காசு தினமும் துணியிலும் சாவியிலும் மற்றக் காசுகளிலும் உரசி, கறுப்பதற்கு நேரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகிறது. முதலில் போவது மேடுகள்: கன்னம், கிரீடம், கூந்தல். பள்ளத்தில் இருக்கும் எழுத்தின் அடிப்பாகம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எல்லா ரூபாயையும் புளி போட்டுத் துலக்கி வைத்துவிடுகிறார்கள். அங்கே போய் இந்த வித்தியாசத்தைத் தேடமுடியாது.

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு என்று ஆரம்பித்து நகரத்தார் பெருமைக்குப் போய்ச் சேரும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. அதை விட்டுவிடுகிறேன். ரூபாய் பணமாக மட்டும் இருக்கவில்லை, எடைக்கல்லாகவும் இருந்தது என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மூன்று ரூபாய் எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. மருந்துச் சரக்கை ரூபாய் எடையில் நிறுத்த காலத்தில், தேய்ந்த ரூபாயைத் தட்டில் போட்டவன் தேய்ந்த அளவுக்குக் குறைத்துக் கொடுத்தான். அளவுகோலே தேய்கிற பொருளாக இருந்தது. 1906ஆம் வருஷத்துச் சட்டத்தில் இதற்கு வரம்பு உண்டு: நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைந்த ரூபாயை யாரும் வாங்கியாக வேண்டிய கட்டாயமில்லை. ஐயாவின் ரூபாய் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் குறைந்துவிட்டது.

தேய்மானத்தைச் சரித்திரமாக வாசிக்கலாம் என்று காட்டியவர் டி. டி. கோசாம்பி. 1940வாக்கில் புனே பெர்குஸன் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். தட்சசீலத்தில், பீர் மேட்டில் 1924ல் கிடைத்த புதையலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முத்திரைக் காசுகள் இருந்தன. அவற்றின் பின்புறத்தில் சின்னச்சின்ன அடையாளங்கள். காசு கைமாறுகிற காலத்தில் அவ்வப்போது அதைச் சோதித்தவர்கள் போட்டவை அவை என்பது கோசாம்பியின் முடிவு. அடையாளம் கூடக்கூடச் சராசரி எடை குறைந்துகொண்டே போவதை நிறுத்துக் காட்டினார். அதற்கு முன், தன் காலத்தில் புழங்கிய காசுகளை ஆயிரக்கணக்கில் வாங்கி நிறுத்து, வயதாக ஆகச் சராசரி எடை குறைவதையும், காசுக்குக் காசு வித்தியாசம் கூடுவதையும் பார்த்துக்கொண்டார். ராஜாவின் பெயரோ எழுத்தோ இல்லாத காசு, எத்தனை காலம் மனிதர்கள் கையில் இருந்தது என்பதைத் தன் எடையால் சொல்கிறது.

இந்த முறையைச் செட்டிநாட்டுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டேன். அது முடியாது என்று தெரிய அதிக நாள் ஆகவில்லை. ரங்கூன் முகல் தெருவிலிருந்து காரைக்குடிக்கு வந்த லட்சங்கள் காசாக வரவில்லை, உண்டியலாக வந்தன. ஒரு துண்டுக் காகிதம். இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு. எதுவும் எதோடும் உரசவில்லை. தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் பார்த்து வியக்கும் நம் ஊர் எழுத்து மறந்துபோவது இதைத்தான். பெரிய பணம் தேய்வதில்லை. தேய்ந்தது சம்பளக் காசு, சந்தைக் காசு, மூன்று வருஷக் கணக்கு முடியாமல் ஊர் திரும்ப முடியாத ஏஜெண்டின் கைக்காசு.

ஐயா 1926ல், பன்னிரண்டாவது வயதில், பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறினார். அந்த ரூபாய் அவருடைய முதல் சம்பளம் என்பது வீட்டில் சொல்லப்படும் கதை. 1942ல் மணிப்பூர் வழியாக நடந்து வந்தபோது வழியில் செத்துப்போன ஒருவர், தன் வீட்டில் கொடுக்கச் சொல்லிக் கொடுத்தது என்பாள் அப்பத்தா. எந்த வீடு என்று அவளுக்கும் தெரியாது. ஐயா இரண்டையும் மறுத்ததில்லை.

காசைக் கேட்டுப் பார்த்தேன். 1862 என்பதே நம்பக்கூடிய வருஷம் இல்லை. 1874வரை அடித்த ரூபாய்களிலும் அதே வருஷத்தைத்தான் போட்டார்கள். விக்டோரியா தலை போட்ட ரூபாய்கள் 1941ல் செல்லாமல் போய்விட்டன. அதற்குப் பின் ஐயா சுமந்தது எதையும் வாங்க முடியாத ஒரு வெள்ளித் துண்டு. ஆக, மூன்று குந்துமணியில் கொஞ்சம் 1941க்கு முன் கடைத்தெருக்கள் தின்றது, மீதி ஐயாவின் மடி. எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. கோசாம்பியின் கணக்கு ஆயிரம் காசுக்குச் செல்லும், ஒரு காசுக்குச் செல்லாது. ஆயிரம் காசை நிறுத்தால் ஒரு சமூகம் எழுந்து வருகிறது. ஒன்றை நிறுத்தால் 11.27 என்று ஒரு எண் வருகிறது.

ஒன்று மட்டும் சொல்லலாம். சந்தையில் புழங்கிய காசு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேயும். ஐயாவின் ரூபாயில் பின்புறம் பூக்கொடியும் எழுத்தும் வருஷமும் ஒழுங்காக இருக்கின்றன. ராணியின் முகம்தான் இல்லை. கன்னம் இருந்த இடத்தில் லேசாக ஒரு குழி. என் கட்டைவிரலை வைத்தால் சரியாகப் பொருந்துகிறது.