குளுக்கோசு மாற்று நொதிகள்: கண்டறியப்பட்ட வரலாறு

குளுக்கோசைல் டிரான்ஸ்ஃபரேஸ் என்பது, ஒரு மூலக்கூறிலிருந்து குளுக்கோசு அலகை எடுத்து வேறொரு மூலக்கூறுடன் இணைக்கும் நொதிகளின் பொதுப்பெயர். தமிழில் இவற்றைக் குளுக்கோசு மாற்று நொதிகள் எனலாம். கரும்பில் சர்க்கரை உருவாவது, நெல்மணியில் மாவுச்சத்து திரள்வது, இளஞ்சோளப் பயிரில் நஞ்சு அடங்கியிருப்பது, பல்லின்மேல் பிசுபிசுப்பான படலம் படிவது ஆகிய அனைத்திலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. இரு மூலக்கூறுகளை இணைக்க ஆற்றல் தேவை. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை தேடிய கதையே இந்நொதிகளின் வரலாறு.

சர்க்கரை ஆலைகளில் ஒரு தொல்லை

கரும்புச் சாறும் பீட்ரூட் சாறும் சில வேளைகளில் கெட்டியாகி வழுவழுப்பாக மாறுவதும், அதனால் ஆலைகளின் வடிகட்டிகள் அடைபடுவதும் 19ஆம் நூற்றாண்டில் பெருந்தொல்லையாக இருந்தன. இத்தகைய மாற்றம் நுண்ணுயிர்களால் நேர்வதை 1861இல் லூயி பாஸ்டர் எடுத்துக்காட்டினார். 1878இல் வான் டீகெம் அந்த நுண்ணுயிருக்கு லியூக்கோனோஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்று பெயரிட்டார். அது உருவாக்கும் வழுவழுப்பான பொருள் டெக்ஸ்ட்ரான் எனப்பட்டது. அது குளுக்கோசு அலகுகளால் ஆன நீண்ட சங்கிலி.

1941இல் அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் ஹேர், உயிருள்ள பாக்டீரியா எதுவும் இல்லாத சாற்றுடன் சுக்குரோசைச் சேர்த்தபோதும் டெக்ஸ்ட்ரான் உருவாவதைக் காட்டினார். வேலையைச் செய்வது பாக்டீரியா வெளிவிடும் நொதி என்பது இதனால் தெளிவாயிற்று. அதே பத்தாண்டில் சுவீடனில் குரோன்வால், இங்கெல்மன் ஆகியோர், தூய்மைப்படுத்திய டெக்ஸ்ட்ரானை இரத்த இழப்புக்கு ஆளானோருக்குச் செலுத்தும் திரவமாகப் பயன்படுத்தலாம் எனக் கண்டனர்.

திசை மாறிய விடை

தாவரங்களும் விலங்குகளும் குளுக்கோசுச் சங்கிலிகளை எவ்வாறு கட்டுகின்றன? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் பாஸ்பாரிலேஸ் என்ற நொதியை ஆராய்ந்தனர். அது கிளைக்கோஜனை உடைப்பது. ஆனால் சோதனைக்குழாயில் அதே வினை எதிர்த்திசையிலும் நடந்து சங்கிலியைக் கட்டியது. 1940இல் கேம்பிரிட்ஜில் ஹேன்ஸ், உருளைக்கிழங்கிலிருந்து எடுத்த இதே வகை நொதியால் மாவுச்சத்தை உருவாக்கிக் காட்டினார். உடைக்கும் நொதியே கட்டவும் செய்கிறது என்பது பலருக்கும் ஏற்புடையதாயிற்று.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. உயிரணுக்களில் பாஸ்பேட்டு மிகுதியாக இருப்பதால் இவ்வினை பெரும்பாலும் உடைக்கும் திசையிலேயே செல்லும். 1951இல் பிரித்தானிய மருத்துவர் மக்கார்டில் ஒரு தசை நோயை விவரித்தார். அந்நோயாளிகளின் தசையில் பாஸ்பாரிலேஸ் இல்லை என்பது 1959இல் தெரியவந்தது. ஆனால் கிளைக்கோஜன் தாராளமாக இருந்தது. கட்டும் நொதி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதற்குள் அந்த நொதியும் அர்ஜென்டினாவில் கண்டறியப்பட்டிருந்தது.

லெலுவாரின் சிறு ஆய்வகம்

லூயிஸ் பெடரிக்கோ லெலுவார் 1906இல் பாரிசில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர். அவருடைய ஆசிரியர் பெர்னார்டோ ஊசே, 1943இல் மக்களாட்சி கோரும் அறிக்கையில் கையெழுத்திட்டதற்காகப் பதவி நீக்கப்பட்டார். லெலுவாரும் நாட்டைவிட்டு வெளியேறி, சில காலம் கோரி தம்பதியரின் ஆய்வகத்திலேயே பணிபுரிந்தார். 1947இல் நெசவுத்தொழில் முதலாளி ஒருவரின் நிதியுதவியுடன் புவெனஸ் அயர்சில் ஒரு சிறிய வீட்டில் ஆய்வகம் தொடங்கியது. கருவிகள் குறைவு. வசதிகள் அதைவிடக் குறைவு.

பாலில் உள்ள கேலக்டோசை ஈஸ்ட்டு எவ்வாறு குளுக்கோசாக மாற்றுகிறது என்பதை ஆராய்ந்தபோது, அதற்குத் துணைபுரியும் ஒரு பொருள் அக்குழுவினருக்குக் கிடைத்தது. 1950இல் அது யூரிடின் டைபாஸ்பேட்டு குளுக்கோசு, சுருக்கமாக யூடிபி குளுக்கோசு, என அறியப்பட்டது. இதில் குளுக்கோசு ஆற்றல் மிக்க பிணைப்பால் இணைக்கப்பட்டிருப்பதால் எளிதில் மற்றொன்றுக்கு மாறும். அதுவரை தேடிய ஆற்றலின் இருப்பிடம் இதுவே.

அடுத்தடுத்து முடிவுகள் வந்தன. 1953இல் ஈஸ்ட்டில் டிரெகலோசு பாஸ்பேட்டும், 1955இல் கோதுமை முளைக்கருவின் நொதியால் சுக்குரோசும், 1957இல் கல்லீரல் நொதியால் கிளைக்கோஜனும் யூடிபி குளுக்கோசிலிருந்து உருவாவது தெரிந்தது. மாவுச்சத்துக்கு ஏடிபி குளுக்கோசு இன்னும் பொருத்தமானது என்பது 1961இல் புலப்பட்டது. 1970இல் லெலுவாருக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தாவரத்தில் ஒரு மூடி

தாவரங்களில் இந்நொதிகளின் பணி உணவு சேமிப்பதோடு முடிவதில்லை. அரபிடாப்சிஸ் என்னும் கடுகினச் சிறு செடியிலேயே, நிறமிகள், வளரூக்கிகள், நச்சுப்பொருள்கள் போன்ற சிறு மூலக்கூறுகளுடன் சர்க்கரையை இணைக்கும் நொதிகளுக்கு 100க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன.

சோளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இளஞ்சோளத்தை மேய்ந்த மாடுகள் இறப்பதற்கான காரணத்தை ஆராய்ந்த டன்ஸ்டனும் ஹென்றியும் 1902இல் அதிலிருந்து டுரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். சயனைடை எளிதில் வெளிவிடக்கூடிய நிலையற்ற பொருளின்மேல் ஒரு குளுக்கோசு மூடிபோல் பொருத்தப்பட்டிருப்பதே டுரின். மூடி இருக்கும்வரை பயிருக்குத் தீங்கில்லை. மாடு மெல்லும்போது திசு சிதைந்து, தனித்து வைக்கப்பட்டிருந்த மற்றொரு நொதி மூடியை அகற்ற, சயனைடு வெளிப்படுகிறது. மூடியைப் பொருத்தும் நொதியை 1999இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். இளம்பயிரிலும் வறட்சியில் வாடிய பயிரிலும் மாடுகளை மேயவிடக் கூடாது என்று உழவர்கள் எச்சரிப்பதன் காரணம் இதுவே.

வாயில் நடப்பது

சொத்தைப் பற்களிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவை 1924இல் பிரித்தானிய ஆய்வாளர் கிளார்க் பிரித்தெடுத்தார். இதன் குளுக்கோசு மாற்று நொதிகள் டெக்ஸ்ட்ரான் நொதியின் உறவுகள். இவற்றுக்கு யூடிபி குளுக்கோசு தேவையில்லை. சுக்குரோசில் குளுக்கோசையும் ஃபிரக்டோசையும் இணைக்கும் பிணைப்பிலேயே போதிய ஆற்றல் உண்டு. நொதி அப்பிணைப்பை முறித்து, குளுக்கோசைச் சங்கிலியில் கோர்க்கிறது. மீந்த ஃபிரக்டோசைப் பாக்டீரியா அமிலமாக்குகிறது.

உருவாகும் சங்கிலிகளில் ஒரு பகுதி நீரில் கரையாதது. அது பாக்டீரியாவைப் பல்லோடு ஒட்டவைக்கிறது. அமிலமும் எனாமலை ஒட்டியே தங்கிவிடுகிறது. உமிழ்நீர் அதை எளிதில் நீக்க இயலாது. குளுக்கோசும் ஃபிரக்டோசும் தனித்தனியாகக் கிடைத்தால் அமிலம் உருவாகும். ஆனால் இந்தப் பிசின் உருவாகாது. சாதாரணச் சர்க்கரை பல்லுக்கு மிகுந்த தீங்கு செய்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கரும்பு ஒளியாற்றலைச் செலவிட்டு யூடிபி குளுக்கோசின் வழியாகச் சுக்குரோசில் கட்டிவைத்த பிணைப்பை, வாயிலுள்ள பாக்டீரியா செலவின்றிப் பயன்படுத்திக்கொள்கிறது. எனவே சர்க்கரையின் அளவோடு, அது எத்தனை முறை வாய்க்குள் செல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இடைவிடாமல் மிட்டாய் சுவைக்கும் குழந்தையின் வாயில் இந்நொதிகளுக்கு ஓய்வே இல்லை.