கொச்சி மெஹ்பூப்

ஏலூரில் 1947இல் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், பெரியாற்றங்கரையில் பிழைப்பு நாடி வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல. கொச்சியின் பாடகர் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் தயங்காமல் ஜேசுதாஸ் என்பார்கள். தவறில்லை. ஆனால் அவர் பிறந்த கோட்டைக் கொச்சியிலேயே, அவருக்குப் பதினான்கு ஆண்டு முன்னதாக, 1926இல் பிறந்தவர் மெஹ்பூப்.

தக்கினி பேசும் எளிய முஸ்லிம் குடும்பம் அவருடையது. வீட்டில் ஒரு மொழி, வீதியில் மலையாளம்; நமக்கு இது புதிதன்று. இளம் வயதில் படைமுகாமில் பூட்சுகளுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே பாடினார் என்பர்.

1951இல் ஆலப்புழை உதயா ஸ்டூடியோவின் 'ஜீவித நௌகா' அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. (இதை இயக்கியவர் கே. வேம்பு, தமிழில் இதுவே 'பிச்சைக்காரி' ஆயிற்று.) இந்தி மெட்டுகளைத் தழுவிப் பாடும் காலம் அது. 1954இல் 'நீலக்குயில்' படத்தில் கே. ராகவன் நாட்டுப்புற மெட்டுகளுக்குத் திரும்பியபோது, மெஹ்பூபின் குரலும் தன் மண்ணில் கால் ஊன்றியது. 1961இல் பாபுராஜ் இசையில் 'கண்டம் பெச்ச கோட்டு' வந்தது.

அதே ஆண்டு நவம்பரில் ஜேசுதாஸ் தம் முதற்பாடலைப் பதிவு செய்தார். ஒருவர் மற்றவரை வீழ்த்தினார் என்று எழுதுவது நியாயமாகாது. பாடற்பதிவு சென்னையில் நிலைகொண்டிருந்தது. அது பயின்ற குரலையும், அழைத்த நேரத்தில் வந்து நிற்பவரையும் வேண்டியது. வாய்ப்புத் தேடி ஊர் பெயர்வது மெஹ்பூபுக்கு ஒத்துவரவில்லை. நகைச்சுவைப் பாட்டுகளே மிஞ்சின; பின் அவையும் அருகின.

ஆனால் மட்டாஞ்சேரியின் கல்யாண வீடுகளில் அவர் இறங்குமுகம் காணவே இல்லை. ஆர்மோனியமும் தபலாவுமாக இரவுகள் நீண்டன. வீழ்ச்சி என்போர் சினிமாக் கணக்கை மட்டுமே பார்க்கின்றனர் என்பது நம் கருத்து. எனினும் அந்த அன்பை மிகைப்படுத்தவும் மனம் ஒப்பவில்லை. விடியும்வரை பாடவைத்த ஊர், பாடகனின் முதுமைக்கு என்ன சேர்த்து வைத்தது? தமிழகத்தில் தியாகராஜ பாகவதர் 1944இல் 'ஹரிதாஸ்' கண்ட புகழின் உச்சியிலிருந்து சிறை சென்று, 1947இல் மீண்டபோது பழைய நிலையை எட்டவில்லை. அவருக்கு இழக்கப் பெருஞ்செல்வம் இருந்தது. மெஹ்பூபுக்கு அதுவும் இல்லை. 1981 ஏப்ரல் 22 அன்று வறுமையிலேயே மறைந்தார்.

அவர் பெயரில் அமைந்த நினைவு இசைக்குழு, கொச்சியில் அவருடைய பாடல்களை மேடையேற்றியது. கல்யாண வீடுகளில் அவர் பாடியவற்றுள் இசைத்தட்டில் ஏறாதவை பல. அந்த இரவுகளில் உடனிருந்தவர்களின் செவிவழியே எஞ்சியவை மட்டும் இன்று நமக்குக் கிடைக்கின்றன.