கொயினாவும் எலி மருந்தும்: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் இதயத்துடிப்பு மருந்துகளின் முன்வரலாறு

மலேசியத் தமிழரின் உடல்நலம் குறித்து எழுதிய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் மலேரியாவையும் தோட்டங்களில் நிகழ்ந்த இறப்புகளையுமே முன்னிறுத்தியுள்ளனர். அன்றைய ஆவணங்கள் அவற்றையே மிகுதியாகப் பதிவு செய்துள்ளமையால் இது இயல்பானதே. எனினும், நோயோடு நெடுங்காலம் வாழ்ந்தவர், நாள்தோறும் மருந்துண்டு வேலைக்குச் சென்றவர் ஆகியோரைப் பற்றி அவ்வாவணங்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் நோய் அத்தகைய ஒன்று. அந்நோய்க்குரிய மருந்துகளுள் இரண்டு, இதய மருந்துகளாக அறியப்படும் முன்பே வேறு வேலைகளுக்காகத் தோட்டத்து வாழ்வில் இடம்பெற்றவை. ஒன்று கொயினா, மற்றொன்று எலி மருந்து. இவ்விரண்டின் வழியாக வட சிலாங்கூர்த் தோட்ட மருத்துவத்தின் இயல்பை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் நோய்கள் பலவற்றுள் நீடித்து நிற்பதாகவும் முதியோரிடம் மிகுதியாகவும் காணப்படுவது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என மருத்துவர் கூறும் மேலறை நடுக்கமாகும். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குவதால் நாடித்துடிப்பு எவ்வித ஒழுங்குமின்றி அமைகிறது. நோயாளி அதனை ‘நெஞ்சு படபடப்பு’ என்பார். சிலர் ஒன்றும் உணராமலும் இருப்பர். நடுங்கும் மேலறையில் குருதி தேங்கி உறைந்து, அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் உண்டாகும். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் நடைபெற்ற நீண்டகால ஆய்வு, இந்நோயுடையோர்க்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு மிகுதி எனக் காட்டியது. ஆகவே சிகிச்சை இரு திசைகளில் அமைகிறது. துடிப்பின் வேகத்தையோ ஒழுங்கையோ கட்டுப்படுத்துவது ஒன்று. குருதி உறையாமல் காப்பது மற்றொன்று. கொயினாவின் வரலாறு முதலாவதோடும், எலி மருந்தின் வரலாறு இரண்டாவதோடும் தொடர்புடையவை.

கலும்பாங், சிலாங்கூரின் வட எல்லையில், கெர்லிங்குக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையில் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். அருகே சிலாங்கூரையும் பேராவையும் பிரிக்கும் பெர்ணம் ஆறு. கோலசிலாங்கூரோ கடலோரச் சமவெளி. இவ்விரு நிலங்களுக்கும் உள்ள வேறுபாடு மலேரியா வரலாற்றில் பெரும் பொருளுடையது. 1901ஆம் ஆண்டு கிள்ளானில் மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பை வடித்துக் காட்டை அழித்து மலேரியாவைக் குறைத்தார். அம்முறையே மலையடிவாரத் தோட்டங்களில் எதிர்விளைவைத் தந்தது. கடலோரத்தில் நோய் பரப்பிய அனாஃபிலஸ் அம்பிரோசஸ் நிழல்சூழ்ந்த சதுப்பில் வாழும் கொசு; காடு அழிந்தால் அதுவும் அழியும். மலையடிவாரத்து அனாஃபிலஸ் மாக்குலேட்டஸோ வெயில்படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவது; காட்டை வெட்டி ஓடைக்கு வெயிலைக் கொடுத்தவர் அக்கொசுவுக்கே வாழ்வு கொடுத்தவராயினர். 1911இல் வெளிவந்த வாட்சனின் நூல் இவ்வனுபவங்களைத் தொகுத்துரைக்கிறது. கலும்பாங் போன்ற மலையடிவார ஊர்களில் பால்மரத் தோட்டம் திறந்தவர்களுக்கு, நிலத்தடி வடிகால் அமைத்தலும் ஓடைகளில் எண்ணெய் தெளித்தலும் பரவும் வரை, கொயினாவே முதன்மையான காப்பாக இருந்தது.

கொயினா வழங்கப்பட்ட முறை கவனிக்கத்தக்கது. காலைப் பெரட்டில் தொழிலாளரை வரிசையாக நிறுத்தி, விழுங்கும் வரை மேற்பார்வையிட்டுக் கொடுப்பது தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. அதன் கசப்பு அத்தகையது; பார்வை தவறினால் துப்பிவிடுவர். அளவு ஆளுக்கேற்ப அமைந்ததன்று. மலேரியாவின் கடுமையை அளந்த முறையும் அவ்வாறே. குழந்தைகளின் வயிற்றைத் தடவி, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியுள்ளது எனக் கணக்கிட்டு, அவ்வீதத்தைக் கொண்டு தோட்டத்தின் நிலையை வாட்சன் மதிப்பிட்டார். அறிவியல் நோக்கில் சிறந்த முறை அது. பல உயிர்களைக் காத்ததும் கூட. ஆனால் அம்முறையில் அளக்கப்பட்டது தோட்டம், தொழிலாளி அன்று.

சிங்கோனா மரத்தோடு தமிழருக்குள்ள உறவு மலாயாவில் தொடங்கியதன்று. 1860களில் ஆங்கிலேய அரசு நீலகிரியில் அம்மரத்தைப் பயிரிட்டது. நடுவட்டத்தில் கொயினா ஆலையும் இயங்கியது. வால்பாறைப் பகுதியில் ‘சின்கோனா’ என்னும் பெயரிலேயே ஒரு குடியிருப்பு இன்றும் உள்ளது. எனினும் இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகச் சந்தைக்குரிய கொயினாவில் மிகப் பெரும்பங்கு சாவகத்திலிருந்தே வந்தது.

இனி இதயத்துக்கு வருவோம். 1912ஆம் ஆண்டில் டச்சு மருத்துவர் காரெல் ஃபிரெடெரிக் வென்கெபாக்கிடம் ஒரு டச்சு வணிகர் வந்தார். தம் நாடித்துடிப்பு அவ்வப்போது ஒழுங்கு தவறுவதாகவும், கொயினா உண்டால் அது சீராகிவிடுவதாகவும் அவர் கூறினார். மலேரியா மிகுந்த நாடுகளில் எந்நோய்க்கும் கொயினாவை உண்ணும் பழக்கம் அவருக்கு இருந்தது. மருத்துவர் நம்பவில்லை. மறுநாள் காலை வணிகர் சீரான நாடியோடு வந்து நின்றார். 1914இல் வென்கெபாக் இதனை நூலில் எழுதினார். 1918இல் வால்டர் ஃபிரே, சிங்கோனா பட்டையிலுள்ள பொருள்களை ஒப்பிட்டு, கொயினாவின் உடன்பிறப்பான குயினிடினே இதற்கு மிகச் சிறந்தது எனக் கண்டார். பல பத்தாண்டுகள் குயினிடின் துடிப்பை ஒழுங்குபடுத்தும் முதன்மை மருந்தாக விளங்கியது. உயிருக்கு இடர் விளைவிக்கும் வேறுவகைத் துடிப்புகளை அதுவே உண்டாக்கக்கூடும் என்பது தெளிவானபின், குறிப்பாக 1990களில், அதன் பயன்பாடு சுருங்கியது.

இவ்வரலாற்றில் நம்மை நிறுத்துவது ஒரு முரண். கொயினாவை ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் பெரட்டில் நின்று உண்டனர். அவர்களுள் துடிப்பு ஒழுங்கற்றோரும், அம்மருந்தால் அது சீரானோரும் இருந்திருக்கக்கூடும். ஆனால் கண்டுபிடிப்பு ஒரு வணிகரின் நாடியிலிருந்து பிறந்தது. அவருக்குத் தம் நாடியைத் தாமே கவனிக்க ஓய்வும், கூறினால் செவிகொடுக்க ஒரு மருத்துவரும் இருந்தனர் என்பதே வேறுபாடு. தமிழருக்கு நாடி பார்க்கத் தெரியாது என்று யாரும் கூறவியலாது. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் நடையை மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து அறிவது சித்த மருத்துவத்தின் அடிப்படை. நாடியின் நடை தவறுவதை அது நோய்க்குறியாகவே கொண்டது. தோட்ட மருத்துவமனையிலோ காய்ச்சல் உண்டா, வேலைக்கு ஆவாரா என்பனவே தலையாய வினாக்கள். படபடப்போடு பால் வெட்டச் செல்பவர் அவ்வினாக்களுக்கு ‘நலம்’ என்னும் விடையாகவே அமைவார்.

1942இல் சப்பானியர் சாவகத்தைக் கைப்பற்றியதும் உலகிற்கான கொயினா வழங்கல் அறுந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் – பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் போதிய மருந்தின்றி மலேரியாவாலும் வாந்திபேதியாலும் பெருந்தொகையில் மாண்டனர். அது தனி ஆய்வுக்குரியது. போருக்குப்பின் செயற்கை மருந்துகள் வந்தன. கொயினாவின் காலம் தோட்டங்களில் முடிந்தது.

இரண்டாம் மருந்து செம்பனையோடு வந்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமாரத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியரால் தொடங்கப்பட்டது. அவ்வட்டாரத்து ஊரான பத்தாங் பெர்ஜுந்தை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படுகிறது. பால்மரம் நின்ற நிலங்களைச் செம்பனை பிடித்துக்கொண்ட பிற்காலத்தில், பழத்தைத் தின்னும் எலி பெரும் இழப்பை உண்டாக்கியது. அதற்கெதிராக வைக்கப்பட்டதே வார்ஃபரின்.

அதன் பிறப்பும் ஒரு வேளாண்மைக் கதையே. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர்த் தீவனத்தைத் தின்ற மாடுகள் குருதி பெருகி இறந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கார்ல் பால் லிங்க் குழுவினர் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன்வழி உருவாகிய வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆய்வுக்குப் பணம் உதவிய நிறுவனத்தின் தலைப்பெழுத்துகளே அதன் பெயரின் முற்பகுதி. 1954இல் மனிதருக்குரிய மருந்தாக ஒப்புதல் பெற்றது. 1955இல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு நேர்ந்தபின் அவருக்கும் கொடுக்கப்பட்டது.

மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் 1960களின் பிற்பகுதியில் பிரையன் வுட் மேற்கொண்ட ஆய்வுகள் ஒரு முறையை நிலைநாட்டின. மெழுகில் பிணைத்த இரையில் சிறிதளவு வார்ஃபரின் கலந்து மரத்துக்கு ஒன்றாக வைப்பர். சில நாட்களுக்கொருமுறை சென்று, தின்னப்பட்ட இடத்தில் மீண்டும் வைப்பர். தின்னப்படும் விகிதம் குறைந்தபின் நிறுத்துவர். 1980களில் இம்மருந்துக்கு அடங்காத எலிகள் பதிவாயின. வலிமை கூடிய மருந்துகளும், கூடுவைத்துக் கூகை வளர்க்கும் முறையும் பின்வந்தவை. மரத்துக்கு மரம் அவ்விரையை வைத்தோருள் தமிழ்த் தொழிலாளர் பலர்.

அவர்களுள் ஒருவர் முதுமையில் அரசு மருத்துவமனையில் வார்ஃபரின் மாத்திரை பெறுகிறார் எனக் கொள்வோம். ‘இது எலி மருந்தல்லவா’ என அவர் அஞ்சுவதை அறியாமை எனக் கொள்ளலாகாது, அது தொழிலறிவு. அவ்வச்சத்தால் மாத்திரையை நிறுத்துவோர்க்குப் பக்கவாதம் நேரக்கூடும் என்பதே இங்குள்ள துயரம். மேலறை நடுக்கமுடையோர்க்கு நேரும் பக்கவாதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை இம்மருந்து தடுக்கிறது. பொருள் ஒன்றே என்பதை மறைக்காமல், அளவும் கண்காணிப்பும் வேறு என்பதை விளக்குவதே நேர்மையான வழி. எலிக்கு வைக்கும் இரையில் நோக்கம் குருதிப்பெருக்கு, நோயாளிக்கோ ஐ.என்.ஆர். என்னும் குருதிப் பரிசோதனை எண் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் நிற்குமாறு அளவு திருத்தப்படுகிறது. எண் குறைந்தால் உறையும். மிகுந்தால் குருதி கசியும். முருங்கை போன்ற கீரைகளிலுள்ள வைட்டமின் கே மருந்தின் ஆற்றலைக் குறைக்கும்; எனவே கீரையை ஒழிக்கவேண்டியதில்லை, ஏறக்குறைய ஒரே அளவில் உண்பதே வேண்டுவது. மருத்துவரிடம் கூறாமல் நாட்டு மருந்தைச் சேர்ப்பதும் எண்ணைப் புரட்டிவிடும்.

2004இல் கண்டறியப்பட்ட ஒரு மரபணு இங்குக் குறிப்பிடற்குரியது. வார்ஃபரின் தாக்கும் நொதியை ஆக்கும் அம்மரபணுவின் மாற்றமே எலிகளிடம் எதிர்ப்பாற்றலைத் தருகிறது. அதே மரபணுவின் வேறுபாடுகளே மனிதருக்குத் தேவைப்படும் அளவையும் பெரிதும் தீர்மானிக்கின்றன. சிங்கப்பூரில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், சீனரையும் மலாய்க்காரரையும் விட இந்தியருக்குச் சராசரியாக மிகுதியான அளவு தேவைப்படுவதைக் காட்டின. ஒரே குடும்பத்தினரிடையேயும் அளவு வேறுபடும். பெரட்டில் எல்லோருக்கும் ஒரே கொயினா என்னும் முறை இம்மருந்துக்குப் பொருந்தாது.

புதிய மருந்துகள் வந்துவிட்டனவே எனலாம். 2010 முதல், அடிக்கடி பரிசோதனை வேண்டாத உறைதடுப்பு மருந்துகள் புழக்கத்துக்கு வந்துள்ளமை உண்மையே. ஆனால் இளமையில் வாதக் காய்ச்சல் கண்டு இதய வால்வு சுருங்கியோர்க்கு நிலை வேறு. அக்காய்ச்சலுக்கு வித்தாகும் தொண்டைப் புண் நெருக்கமான குடியிருப்பில் எளிதில் பரவும். லயத்து வாழ்க்கையை அறிந்தோர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. வாதக் காய்ச்சலால் இதயம் பழுதுற்று மேலறை நடுக்கமும் உடையோர் ஏறத்தாழ 4,500 பேரிடம் நடத்தப்பெற்று 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், புதிய மருந்தான ரிவரோக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்து பெற்றோரிடையே இறப்புக் குறைவாக இருந்தது. செயற்கை உலோக வால்வு பொருத்தப்பட்டோர்க்கும் வார்ஃபரினே மருந்து. ஆக, வறுமைச் சூழலில் நோயுற்றவரே பரிசோதனைக்காக மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டியவராகிறார்.

அப்பயணமே இன்றைய சிக்கல். தோட்டத்துக்குள் ஒரு மருத்துவ உதவியாளர் இருந்த காலம் உண்டு. 1965ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பதிவு செய்யவும் வகைசெய்தது. ‘டிரசர்’ எனப்பட்ட அவரிடம் குறைகள் பல இருந்தபோதும், லயத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் வீட்டுமனைகளாகியும் போனபின் அவ்வேற்பாடு பெரும்பாலும் மறைந்தது. கலும்பாங்கிலுள்ள முதியவர் கோல குபு பாருவுக்கோ சிலிம் ரிவருக்கோ செல்லவேண்டும். அரசு கிளினிக்கில் குடிமக்கள் செலுத்தும் 1 ரிங்கிட் கட்டணம் சுமையன்று. சுமை, போக்குவரத்தும் துணைக்கு வருபவர் இழக்கும் ஒருநாள் கூலியும். மருந்தாளுநர் பொறுப்பில் வார்ஃபரினுக்கென இயங்கும் தனிக் கிளினிக்குகள் பயனுடையவை. அங்குத் தமிழில் விளக்கம் கிடைப்பதும் மருந்தின் ஒரு பகுதி என்றே கொள்ளத்தகும்.

வாய்மொழி வரலாறு திரட்டும் மாணவர்க்கு ஒரு சொல். பெரட்டில் கொயினா உண்ட தலைமுறையை இனிக் காண்பதரிது. இரை வைத்த தலைமுறை இருக்கிறது. வார்ஃபரின் உண்போர் கையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும், நாள், ஐ.என்.ஆர். எண், மாத்திரையின் அளவு, அடுத்து வரவேண்டிய நாள் என அது வரிவரியாக நீளும். வராமல் விட்ட நாட்களும் அதில் வெற்றிடமாகத் தெரியும். தோட்டத்து ஆண்டறிக்கைகளில் இல்லாத சான்று அது. உரியவர் இசைந்தால், அவ்வெற்றிடங்களுக்கான காரணத்தை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.